வந்துசேரும் வயது

செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள வாயாடிக்கு,

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிற பெயரை, தொண்டையில் ஓர் அறுவை நடந்துவிட்டது என்பதற்காக மாற்றுவானேன் என்று அப்படியே விட்டுவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும். கோபமாவது வரட்டும்.

போன் இருக்கும்போது இதென்ன காகிதம், கூரியர் என்று உங்கள் அக்கா கேட்பார். போனில் நான் எதை அனுப்பினாலும் உங்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாலும் கட்டைவிரல், மாடிவீட்டுக்காரர் படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார் என்றாலும் கட்டைவிரல். அந்த மனுஷன் கால் உடைந்ததில் உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்? காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து பேசினார். ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லையாம். அரைத்துக் கொடுப்பதைப் பாதியில் வைத்துவிடுகிறீர்களாம். நான் வாங்கிக் கொடுத்த சிலேட்டில் ‘போதும்’ என்று ஒரே ஒரு வார்த்தையை எழுதி, அதை அழிக்காமலே வைத்துக்கொண்டு, எது கேட்டாலும் தூக்கிக் காட்டுகிறீர்களாம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் போதும், போர்வை வேண்டுமா என்றாலும் போதும். டாக்டர் அடுத்த சுற்று மருந்தைப் பற்றிப் பேச வந்தபோதும் அதே சிலேட்டைத் தூக்கிக் காட்டினீர்களாம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டே கேட்கப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் முடியவில்லை.

இனி ஆபீஸ் விஷயம். கூட்டம் நேற்றுத் தொடங்கிவிட்டது. யுரேனஸ் பயணத்தின் குறிக்கோள்களை இந்த முறை முடிவு செய்யாமல் எழுந்திருப்பதில்லை என்று தலைவர் உட்கார்ந்திருக்கிறார். எதைக் கண்டாலும் வெட்டுகிறார் என்று நீங்கள் அவருக்கு வைத்த ‘கத்தரி’ என்ற பெயர் இப்போது அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது, அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். வந்ததுமே வெள்ளைப் பலகையில் மொத்த எடையை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். ‘இதுக்கு மேல ஒரு கிலோ கிடையாது, கிளம்புற வருஷத்தையும் தள்ளிப்போட முடியாது’ என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வியாழன் கிரகம் நம் கலத்தை இழுத்துத் தள்ளிவிடத் தோதான இடத்தில் நிற்கும்போதே கிளம்பியாக வேண்டும். அதை விட்டால், போய்ச் சேரும்போது நிலாக்களின் வடபாதி இருட்டுக்குள் போயிருக்கும். படுத்துக்கொண்டே சூரியனைச் சுற்றும் கிரகம் அது, ஒரு முனை இருட்டுக்குள் போனால் நாற்பத்திரண்டு வருடம் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வரும். இதுவரை யாருமே பார்க்காத பாதியைப் படம் எடுக்கத்தான் என் கேமராவே போகிறது.

காந்தப்புலம் ஏன் கோணலாக இருக்கிறது, தப்பித்தது. உள்ளிருந்து ஏன் இவ்வளவு கொஞ்சமாக வெப்பம் வருகிறது, தப்பித்தது. நிலாக்களின் பனிக்கடியில் கடல் உண்டா, என்னுடையது, அதுவும் தப்பித்தது. பிறகு, மேகத்துக்குள் விழுந்து வாயுக்களை அளக்கப் போகும் உங்கள் உருண்டையின் முறை வந்தது.

விதிதான் உங்களுக்குத் தெரியுமே. தன் கருவியைப் பற்றிப் பேச்சு வந்தால் வெளியே போய்விட வேண்டும், வீட்டுக்காரர் கருவி என்றாலும் அப்படியே. என் முறைக்கு ஒரு தடவை, உங்கள் முறைக்கு ஒரு தடவை என்று ஒரே நாளில் இரண்டு தடவை வராந்தாவில் நின்ற ஒரே ஆள் நான்தான். போன வருடம் வரை நீங்களும் கூட நிற்பீர்கள். காபியை ஊற்றிவிட்டுக் கோப்பையைப் போடுகிற அந்த மெஷினை உதைத்துக்கொண்டே, உள்ளே நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவீர்கள். நேற்று நான் தனியாக நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோர் வாயும் அசைகிறது, ஒரு சத்தம் கேட்கவில்லை. உங்கள் ஞாபகம் வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கீழே யாரோ ஒருவர் மழையிலேயே காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கத்தரி வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னார். இரண்டு ஆட்சேபணைகளாம். முதலாவது, நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியம். ‘யுரேனஸ் சூரியனுக்கு வெகுதொலைவில் பிறந்தது என்பதை உறுதிசெய்தல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இது குறிக்கோள் இல்லம்மா, தீர்ப்பு. முடிவு முன்னாடியே தெரியும்னா எதுக்கு அவ்வளவு தூரம் போறோம்?’ என்று கேட்டார். ஊரில் உள்ள அத்தனை பேர் வாக்கியத்தையும் கேள்வியாக மாற்றச் சொல்லித் திருத்தியவர் நீங்கள். உங்களுடையதை மட்டும் எப்படி விட்டீர்கள்?

இரண்டாவது ஆட்சேபணை, வயது. முதல் கூட்டத்தில் வேடிக்கையாக ஆரம்பித்தோமே, அவரவர் பெயருக்குப் பக்கத்தில் கலம் போய்ச் சேரும் வருடத்தில் தன் வயது என்ன என்று எழுதுவது. நீங்கள் 79 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, ‘தடி ஊனிக்கிட்டு வந்தாவது முன் வரிசையில உக்காருவேன்’ என்று சொன்னீர்கள். அப்போது சிரித்தோம். இப்போது அது விதி ஆகிவிட்டது. அன்றைக்கு எழுபதைத் தாண்டுகிறவர்கள் இன்றைக்கே இரண்டாவதாக ஒரு பெயரைத் தர வேண்டும். எனக்கு அப்போது 74. பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போல ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் உருண்டைக்கு எதிரே அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. போன வியாழன் கேட்டதற்கும் கட்டைவிரல்தான் அனுப்பினீர்கள்.

அடுத்த வியாழன் வரைக்கும்தான் கெடு. கேள்வியாக மாற்றிய வாக்கியமும் இரண்டாவது பெயரும் உங்கள் கையெழுத்தோடு வராவிட்டால் உருண்டையை எடுத்துவிடுவார்கள். அதன் எடையில் பாதி என் கேமராவுக்கு வரும். காபி மெஷின் பக்கத்தில் இரண்டு பேர் எனக்கு இப்போதே கை கொடுத்தார்கள். சூடான கோப்பை கையில் இருந்தது, அவர்கள் மேல் ஊற்றாமல் வந்தேன் என்று மெச்சிக்கொள்ளுங்கள்.

குழாயை நானே துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வந்து அடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வராந்தாவில் நிற்பவள்


வெள்ளிக்கிழமை, மாலை

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை அடக்கமாகவே கூப்பிட்டிருக்கிறேன். காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இன்று நம் வீட்டுக்கு யார் வந்தது தெரியுமா? எதிர்க்கட்சி. ஆமாம், உங்கள் எதிர்க்கட்சியேதான். உங்களிடம் படித்து, உங்கள் கணக்கே தப்பு, யுரேனஸ் உள்பக்கம் பிறந்து வெளியே தள்ளப்பட்டது என்று கட்டுரை எழுதி, நாம் சோறு போட்ட கையிலேயே சூடு வாங்கிக்கொண்டோம் என்று உங்களைப் புலம்ப வைத்தவள். நாலு வருடமாக நம் வாசல் மிதிக்காதவள், நனைந்த குடையோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். வெளியே நின்று என்ன செய்யப்போகிறாய், வந்து தொலை என்றேன். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

அவள் சொல்லித்தான் திங்கட்கிழமை உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. அறையில் உருண்டைக்காக ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். நான் வராந்தாவில், நீங்கள் அங்கே. உங்கள் ஆமாம்சாமி இருந்தானே, உங்கள் உதவியாளன், நீங்கள் தும்மினால்கூட ஆமாம் சார் என்பானே, அவன் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தானாம். கத்தரி, அப்போ எடுத்துடலாமா என்று கேட்டபோது இவள்தான் எழுந்திருக்கிறாள். ‘ஹீலியம், நியான், ஆர்கான் இதெல்லாம் தூரத்துல இருந்து பாத்தா தெரியாது. உள்ள விழுந்து மோந்து பாத்தாத்தான் தெரியும். அது எவ்வளவு இருக்குன்னு தெரியாம அந்தக் கிரகம் எங்க பொறந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. சார் சொன்னது தப்புன்னு நான் நிரூபிக்கணும்னாலும் சாரோட உருண்டைதான் போகணும்’ என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்பில்தான் கத்தரி உங்களுக்கு அடுத்த வியாழன் வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

வாக்கியத்தையும் அவளே மாற்றி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். ‘யுரேனஸ் பிறந்தது எங்கே?’ அவ்வளவுதான். உங்கள் பதிலும் அதில் இல்லை, அவள் பதிலும் இல்லை. அந்தத் தாளையும், நீங்கள் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கசக்கித் தூரப் போடாமல் படியுங்கள்.

கிளம்பும்போது, சாருக்கு இன்னும் என் மேல கோவமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், பொய் எதற்கு. சிரித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, குரல் திரும்ப வருமா மேடம் என்று கேட்டாள். இல்லை என்றேன். மாட்டின செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். நான் என்ன சமாதானம் சொல்வது? கால் உடைந்த மாடிவீட்டுக்காரர் வேறு ஊன்றுகட்டையைத் தட்டிக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு எதையும் விட்டுவிடக் கூடாது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இரண்டாவது பெயராக அவள் பெயரை எழுதுங்கள். உங்கள் மனசு ஆமாம்சாமி பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். அவன் நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருப்பவனுக்கு, உருண்டை போனால் என்ன, போகாவிட்டால் என்ன? கத்தரி அடுத்த தடவை இரண்டு கிலோ குறை என்றால் ஆமாம் சார் என்று குறைத்துக் கொடுப்பான். இவள் விடமாட்டாள். அது உள்ளே விழுந்து என்ன சொல்கிறது என்று கேட்காமல் இவளுக்கு உறக்கம் பிடிக்காது. சேரும் வருடத்தில் இவளுக்கு 57. பல்லெல்லாம் பத்திரமாக இருக்கும், சண்டை போடத் தெம்பும் இருக்கும்.

பெயரை எழுதினால் போய்விடுவோம் என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? என் கேமராவுக்கு வேறொருவர் பெயரை எழுதும்போது நானே பாதியில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன், இத்தனைக்கும் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் எழுதாவிட்டால் இருந்துவிடுவோமா? எழுதாவிட்டால் உருண்டையும் போய்விடும், அவ்வளவுதான் நடக்கும்.

நீங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டை உருட்டிக் காட்டிச் சொல்வீர்களே, தாய்க்கலத்திலிருந்து பிரிந்து, மேகத்துக்குள் விழுந்து, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போகும், பிறகு அழுத்தம் தாங்காமல் நசுங்கிப்போய்ப் பேச்சு நின்றுவிடும் என்று. எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட வருத்தமாக இருந்ததில்லை. இப்போது தட்டைக் கழுவும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் குரல் இருந்தபோதே சொல்லிவிட்டீர்களா, ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இருக்கிறது. அறுவைக்கு முன்தினம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கார் நிறுத்துகிற சீட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியாக நீங்கள் சொன்னது, சட்டைப் பையில பாரு என்பதுதான்.

பாதியில் வைக்காமல் சாப்பிடுங்கள். டாக்டரிடம் சிலேட்டைத் தூக்கிக் காட்டாதீர்கள். அக்காவைப் படுத்தாதீர்கள், அவருக்கும் முட்டி வலி.

இப்படிக்கு,
சட்டைப் பையில் பார்த்துக்கொண்டிருப்பவள்


வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள வாயாடிக்கு,

உங்கள் உறை நேற்று மதியம் வந்தது. கூரியர்க்காரர் கையெழுத்துக் கேட்டபோது மாவுக் கையோடு போட்டேன், உங்கள் உறை மேலும் மாவு.

முதலில் வாக்கியத்தைப் பார்த்தேன். ‘யுரேனஸ் பிறந்தது எங்கே?’ என்பதைப் படிவத்தில் அப்படியே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அவள் தாளில் அந்தக் கேள்விக்குறி கோணலாக இருந்தது என்று அதை வேறு அடித்துத் திருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். வாத்தியார் புத்தி போகுமா? அதற்குக் கீழே அவள் பெயர், முழுப் பெயர், இன்ஷியலோடு. கையெழுத்து கொஞ்சம் இறங்கிப் போயிருக்கிறது. பரவாயில்லை.

பிறகுதான் மேலே, உங்கள் பெயர் இருக்கும் வரியைப் பார்த்தேன். வந்துசேரும் வயது என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் வைத்தது தீய்ந்துபோய், மாடிவீட்டுக்காரர் கட்டையால் தரையைத் தட்டிக் கேட்கும் வரைக்கும் எனக்கு வாசனையே வரவில்லை. இந்தக் கோட்டைப் போட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? வாக்கியத்தைக் கேள்வியாக்குங்கள் என்றால், இந்தப் பக்கம் ஒரு தீர்ப்பை எழுதி அனுப்புகிறீர்களே. பெயர் கேட்டேன், கொடுத்தீர்கள். கோடு கேட்கவில்லையே.

இன்று காலை அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். கூட்ட அறைக்கு வெளியே, காபி மெஷின் மேலேயே வைத்து, உங்கள் கோட்டின் மேல் 79 என்று எழுதினேன். நீங்கள் அன்று போட்ட மாதிரியே சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். உள்ளே போய்க் கத்தரி கையில் கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். இரண்டு கையெழுத்து, இரண்டு மை. குருடனுக்கும் தெரியும். பேனாவைத் திறந்தவர் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மூடியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ‘சரிம்மா, நீங்க வெளியில இருங்க’ என்றார். நான் வராந்தாவுக்குப் போனேன்.

உருண்டை தங்கிவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாக எதிர்க்கட்சி எழுந்து நின்று பேசுவதைப் பார்த்தேன், உங்களைப் போலவே வலது கையை வீசி வீசிப் பேசுகிறாள். அது அவளுக்கே தெரியுமோ தெரியாதோ. எடைக்கு ஈடாக என் கேமராவில் தூரத்தைப் பார்க்கிற லென்ஸைக் கழற்றிவிட்டார்கள். வெளிப்புற நிலாக்கள் இனிமேல் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். முன்பு என்றால் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது அதற்கு அழத் தெம்பில்லை. முன்கூட்டிக் கை கொடுத்தவர்கள் இரண்டு பேரும் என்னைக் கண்டதும் படி வழியாக இறங்கிப் போனார்கள், அதில் ஓர் அற்பத் திருப்தி.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். உருண்டை போகும், இருபத்து மூன்று வருடம் கழித்து உள்ளே விழும், பேசும். எனக்கு அது போதுமா என்று கேட்டால், போதாது. எனக்கு உருண்டை வேண்டாம், நிலா வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீங்கள் வேண்டும். இதை எழுதக் கூடாது என்று மூன்று கடிதமாக அடக்கிக்கொண்டிருந்தேன், எழுதிவிட்டேன்.

அடுத்த சுற்று மருந்தைப் பற்றி உங்கள் உறையில் ஒரு வரிகூட இல்லை. அக்காவைக் கேட்டேன். ‘அவன் சிலேட்டை அழிக்கவே மாட்டேங்குறான்’ என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

கத்தரியிடம் லீவு சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதிய வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். டாக்டரை நான் வந்து பார்க்கும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். சிலேட்டை அழித்துவிட்டு, எழுதுவதானால் கேள்வியாக ஏதாவது எழுதி வையுங்கள். வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், குழாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

உங்கள் கோட்டை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கத்தரியும் நான் எழுதியதை அடிக்கவில்லை. தாளில் 79 என்றுதான் இருக்கிறது. நான் வந்து சேரும்வரைக்கும் இருங்கள்.

இப்படிக்கு,
அன்றைக்கு எழுபத்து நான்கு வயதோடு
முன் வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறவள்